காமக்கதையில் கதைக்கு என்ன வேலை? கதைக்கட்டு, பாத்திரம், களம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காமக்கதை படிப்பவர்களும் எழுதிப் பார்ப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பேசப்போவது வயதுவந்த வாசகர்களுக்கான கதைகளைப் பற்றி, வயதுவந்த பாத்திரங்களைப் பற்றி. இந்த வகை எழுத்தை ரகசியமாகப் படித்துவிட்டு வெளியில் மட்டமாகப் பேசுகிற வழக்கம் இருக்கிறது. அதனாலேயே எது நன்றாக எழுதப்பட்டது, எது ஏன் சப்பென்று போனது என்று உட்கார்ந்து பேசுபவர்கள் குறைவு. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

படிக்க வருபவர் எதற்காக வருகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். அப்புறம் கதை எதற்கு?

கிளர்ச்சியைத் தேடித்தான் வருகிறார், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கிளர்ச்சி எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உடல்கள் சேர்ந்து செய்யக்கூடியவை மிகச் சிலதான். யார் எழுதினாலும் நாலைந்து கதை தாண்டினால் அடுத்த வரி என்னவென்று வாசகருக்குத் தெரிந்துவிடும். மாறிக்கொண்டே இருப்பது ஆட்கள், அவர்களுக்கு நடுவில் இருக்கும் சிக்கல், அது நடக்கும் இடம். இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது செயல்களின் பட்டியல்.

இதை யாரோ நேற்று கண்டுபிடிக்கவில்லை. 1940களில் அனாயிஸ் நின் என்ற எழுத்தாளர், பெயர் சொல்லாத ஒரு சேகரிப்பாளருக்காகப் பக்கத்துக்கு ஒரு டாலர் என்று காமக்கதைகள் எழுதிக்கொடுத்தார். அந்த ஆளிடமிருந்து வந்துகொண்டே இருந்த கட்டளை ஒன்றுதான்: கவித்துவத்தை விடு, காமத்தை மட்டும் எழுது. நின் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரை நோக்கி ஒரு கடிதம் எழுதினார். காமம் எந்திரத்தனமாக ஆகிவிட்டால் அதன் சக்தியே போய்விடும், உணர்ச்சியும் கற்பனையும் மனநிலையும் கலக்காத காமம் சலிப்பூட்டும் என்பது அதன் சாரம். கடைசியில் நின் இறந்த 1977-ஆம் ஆண்டில் அந்தக் கதைகள் புத்தகமாக வந்து பரவலாகப் படிக்கப்பட்டன. வேண்டாம் என்று அந்த ஆள் சொன்ன விஷயங்கள் அவற்றில் மிஞ்சியிருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

நேராக விஷயத்துக்கு வரும் கதைகளையும் நிறையப் பேர் படிக்கிறார்களே?

படிக்கிறார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. இரண்டு பக்கக் கதைக்கு என்று ஒரு வேலை இருக்கிறது, அதை அது செய்துவிட்டுப் போகிறது. ஆனால் அப்படிப் படித்ததில் எத்தனை கதை ஒரு வாரம் கழித்தும் ஞாபகம் இருக்கிறது என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். நினைவில் நின்ற கதையை எடுத்துப் பிரித்தால் அதில் எப்படியும் ஒரு ஆள் இருப்பார், அவருக்கு ஒரு தயக்கம் இருக்கும், அந்தத் தயக்கம் உடைந்த ஒரு நொடி இருக்கும். சின்னக் கதையிலும் இது சாத்தியம். மூன்று வரியில் ஒரு தயக்கத்தைக் காட்டிவிடலாம்.

கதைக்கட்டு என்றால் திருப்பங்கள், மர்மம், வில்லன் எல்லாம் வேண்டுமா?

வேண்டாம். இரண்டு பேருக்கும் ஆசை இருக்கிறது, அது நிறைவேறாதபடி ஏதோ ஒன்று குறுக்கே நிற்கிறது. அந்த ஏதோ ஒன்றுதான் காமக்கதையின் கதைக்கட்டு. அது வெளியில் இருக்கலாம்: தூரம், நேரமின்மை, அடுத்த அறையில் ஆட்கள். உள்ளே இருக்கலாம்: பயம், கோபம், தன்மானம், பழைய காயம், ‘நான் இப்படிப்பட்ட ஆள் இல்லை’ என்று தன்னைப் பற்றி வைத்திருக்கும் எண்ணம். வெளித்தடை மட்டும் இருந்தால் கதவு பூட்டப்பட்டதும் கதை முடிந்துவிடும். உள்தடை இருக்கும் கதையில் கதவு பூட்டப்பட்ட பிறகுதான் கதையே ஆரம்பிக்கிறது.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம், இந்தப் பக்கம் முழுக்க அதையே வைத்துப் பேசலாம். விவாகரத்து முடிந்த ஒரு தம்பதி. வீட்டை ஒப்படைக்க வேண்டும், காலையில் லாரி வரும். கடைசி இரவில் மிச்சமிருக்கும் சாமான்களைப் பிரித்துப் பெட்டியில் அடைக்க இருவரும் வருகிறார்கள். சட்டப்படி எதுவும் தடுக்கவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை. ஒருவர் உடலை ஒருவர் நன்றாக அறிந்தவர்கள். புதுமை என்று எதுவுமே கிடையாது. ஆனாலும் இந்தச் சூழலில் ஒருவர் கை மற்றவர் கைமேல் தற்செயலாகப் படுவது, முன்பின் தெரியாத இரண்டு பேர் முதல் பக்கத்திலேயே கட்டிப்பிடிப்பதைவிடப் பல மடங்கு அழுத்தமானது. கையெழுத்துப் போட்டு முடித்துக்கொண்டதை, மாதக்கணக்கில் சண்டை போட்டு வந்து சேர்ந்த ஒரு முடிவை, அந்த ஒரு தொடுகை கேள்வி கேட்கிறது. அவள் கையை எடுத்துக்கொள்வாளா மாட்டாளா என்பது இப்போது வாசகரின் கவலையாகிவிட்டது.

எழுதும்போது நான் பிடித்துக்கொள்ளும் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு அடியிலும் திரும்பிப் போக வழி இருக்க வேண்டும், அவர்கள் போகாமல் இருக்க வேண்டும். லிஃப்ட் மாட்டிக்கொண்டது, மழையில் வழியில்லை, ஒரே ஒரு படுக்கைதான் இருக்கிறது போன்ற ஏற்பாடுகள் இருவரையும் பக்கத்தில் கொண்டுவர உதவும், ஆனால் அவர்களுக்காக அவை முடிவெடுக்கக்கூடாது. சூழ்நிலை தள்ளிவிட்டு நடந்ததைவிட, தெரிந்தே நடந்தது எப்போதும் சூடு கூடியது.

எவ்வளவு நேரம் இழுக்கலாம்? வாசகர் பொறுமை இழந்துவிட மாட்டாரா?

இழுப்பது வேறு, காத்திருக்க வைப்பது வேறு. அலுவலகத்துக்குக் கிளம்பியது, பேருந்து லேட்டானது, வானம் மேகமாக இருந்தது என்று நாலு பக்கம் ஓட்டுவது இழுப்பது. வாசகர் நியாயமாகவே தள்ளிக்கொண்டு போய்விடுவார். காத்திருக்க வைப்பது என்றால், தாமதமாகும் ஒவ்வொரு பத்தியிலும் அவர்களைப் பற்றியோ அவர்களுக்கு நடுவில் இருப்பதைப் பற்றியோ புதிதாக ஒன்று தெரியவர வேண்டும். அவள் அவனுடைய கடிதங்களைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தாள் என்று பெட்டியைத் திறக்கும்போது தெரிகிறது. அவன் அதைப் பார்த்துவிட்டான், பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். யாரும் எதுவும் பேசவில்லை. தாமதம்தான், ஆனால் தூரம் குறைந்துவிட்டது.

இதில் நமக்கு மிகப் பழைய வழிகாட்டி ஒன்று இருக்கிறது. திருக்குறளின் காமத்துப்பாலில் 25 அதிகாரங்கள். களவியலுக்கு 7, கற்பியலுக்கு 18. அந்தப் பதினெட்டு அதிகாரங்களும் பிரிவாற்றாமையில் தொடங்கி ஊடலுவகையில் முடிகின்றன. நடுவில் பெரும்பாலும் என்ன வருகிறது? கண் ஏங்குவது, கனவு காண்பது, சாயங்காலம் வந்தால் தவிப்பது, நெஞ்சோடு சண்டை போடுவது, பொய்க்கோபம் காட்டுவது. கூடுவதைவிடக் கூடாமல் இருப்பதற்கே அதிக இடம். காமத்தை எழுத உட்கார்ந்தவர் ஏக்கத்துக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறார் என்றால், அவருக்கு ஆசையின் சுபாவம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பாத்திரத்தை எப்படி அறிமுகப்படுத்துவது? அழகை வர்ணிக்க வேண்டாமா?

வர்ணியுங்கள். ஆனால் அளவுகளைச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். உயரம், எடை, நிறம், உடலளவு என்று வரிசையாகக் கொடுத்தால் அது அடையாள அட்டை. வாசகரால் அந்த ஆளைப் பார்க்க முடியாது, ஆசைப்படவும் முடியாது. ஒருவரை நாம் விரும்புவது பொதுவான அழகுக்காக என்று நினைத்துக்கொள்கிறோம், ஆனால் கூர்ந்து கவனித்தால் அவரிடம் மட்டும் இருக்கும் ஏதோ ஒரு சின்ன விஷயத்தில்தான் மனசு சிக்கியிருக்கும்.

அந்தத் தம்பதிக்கே வருவோம். அவள் எதையும் ஒழுங்காகச் செய்பவள். ஒவ்வொரு பெட்டியிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெளிவான கையெழுத்தில் எழுதுகிறாள். எழுதும்போது மார்க்கர் பேனாவின் மூடியைப் பல்லில் கடித்துக்கொள்வாள், இத்தனை வருஷமாக அதே பழக்கம். அவன் எதையும் பாதியில் விடுபவன், மூன்று பெட்டிகளைத் திறந்து போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்து ஒரு பழைய புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறான். இவ்வளவு தெரிந்த பிறகு இப்படி ஒரு நொடி வருகிறது என்று வையுங்கள்:

“அவள் மூடியைக் கடித்தபடியே ‘அந்த டேப்பை எடு’ என்றாள். வார்த்தை குழறியது. அவன் எழுந்து வந்து, டேப்பை எடுக்காமல், அவள் பல்லுக்கு நடுவிலிருந்து மூடியை மெதுவாக உருவினான். அவள் விட்டுவிடவில்லை. ஒரு கணம் இறுக்கிக் கடித்தாள். அப்புறம் விட்டாள்.”

ஒரு ஆடைகூடக் கலையவில்லை. உடம்பின் வர்ணனை ஒரு சொல் கிடையாது. ஆனாலும் என் கணக்கில் இது காமக்காட்சிதான், ஏனென்றால் அந்த மூடி அவளுடைய பழக்கம், அதை உருவத் துணிந்தது அவனுடைய உரிமையா அத்துமீறலா என்பது இன்னும் முடிவாகாத விஷயம், ஒரு கணம் இறுக்கிவிட்டு விட்டது அவள் தந்த பதில். எதையும் பாதியில் விடுபவன் இந்த ஒன்றை முடிப்பானா என்ற கேள்வியும் கூடவே நிற்கிறது. இதே நான்கு வரியை எந்தப் பழக்கமும் இல்லாத, எந்தப் பழைய கதையும் இல்லாத இருவருக்கு மாட்டிப் பாருங்கள், ஒன்றும் நடக்காது.

பாத்திரத்துக்குக் குறை இருக்கலாமா? கனவு நாயகன், கனவு நாயகி என்றால்தானே ஈர்ப்பு?

குறை கட்டாயம் இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் தேர்ந்த, எதற்கும் தயங்காத, எப்போதும் தயாரான ஆளிடம் இழப்பதற்கு ஒன்றுமில்லை. தன் உடலைப் பற்றிக் கூச்சம் உள்ளவர், ரொம்ப நாளாக யாரும் தொடாதவர், தப்பாகப் பேசிவிடுவோமோ என்று பயப்படுபவர் இவர்கள் ஒரு அடி எடுத்துவைத்தால் அதற்கு விலை இருக்கிறது. வாசகருக்கும் கூச்சம் உண்டு, தன் உடலைப் பற்றி ஏதோ ஒரு குறை மனசில் உண்டு. அதே கூச்சத்தோடு ஒருவர் விரும்பப்படுவதைப் படிக்கும்போது வருகிற நெகிழ்ச்சியை எந்தக் கட்டுமஸ்தான உடலின் வர்ணனையும் தராது. வயதானவர்கள், ஊனமுற்றவர்கள், நோயிலிருந்து எழுந்தவர்கள் இவர்களுக்கெல்லாம் ஆசையே கிடையாது என்பதுபோல இந்த வகைக் கதைகள் பெரும்பாலும் நடந்துகொள்கின்றன. எழுதுபவர்களுக்கு அங்கே இன்னும் திறக்காத பெரிய வாசல் இருக்கிறது.

யாருடைய பார்வையில் சொல்வது நல்லது?

யாருக்கு இழக்க அதிகம் இருக்கிறதோ அவருடைய பார்வையில். ஒரு காட்சிக்கு ஒரு மனசு போதும். இருவர் மனசுக்குள்ளும் மாறி மாறிப் போய்வந்தால் ‘அவருக்கும் என்மேல் ஆசை இருக்கிறதா?’ என்ற சந்தேகம் முதல் பக்கத்திலேயே செத்துவிடும், அந்தச் சந்தேகம்தான் பாதி சுகம். தன்மையில், ‘நான்’ என்று எழுதினால் நெருக்கம் சீக்கிரம் வரும், ஆனால் சொல்பவர் தன் அழகைத் தானே வர்ணிக்கும் அபத்தத்தில் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

களம் அவ்வளவு முக்கியமா? எங்கே நடந்தால் என்ன?

மூன்றிலும் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது இதுதான். ‘ஒரு ஹோட்டல் அறை’ என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள். களம் என்பது பின்னால் தொங்கும் திரைச்சீலையா என்ன? இந்த இருவரும் என்ன செய்ய முடியும், என்ன செய்யக்கூடாது, எவ்வளவு நேரம், எவ்வளவு சத்தத்தில், எந்த வெளிச்சத்தில் என்று தீர்மானிப்பதே அதுதான்.

காலி செய்யப்பட்ட வீட்டை யோசித்துப் பாருங்கள். திரைச்சீலைகளைக் கழற்றிவிட்டார்கள், அதனால் விளக்குப் போட்டால் எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து தெரியும், விளக்கை அணைத்தாக வேண்டும். அணைத்தால் கண்ணுக்கு வேலையில்லை, கைதான் தேட வேண்டும். சாமான் இல்லாத அறையில் சின்னச் சத்தமும் எதிரொலிக்கும், ஆகவே கிசுகிசுக்க வேண்டும், கிசுகிசுக்க வேண்டுமென்றால் பக்கத்தில் வந்தாக வேண்டும். கட்டிலைப் பிரித்து வைத்தாகிவிட்டது, அதன் கால் தடம் மட்டும் தரையில் இருக்கிறது, அந்தத் தடம் எந்த இடத்தில் இருக்கிறது என்பது இருட்டிலும் இருவருக்கும் தெரியும். காலையில் லாரி வரும், ஆகவே இந்த இரவுக்கு முடிவு உண்டு. இப்படி இடமே காட்சியை எழுதிக்கொடுக்கிறது. எழுதுபவர் அதைக் கேட்டு எழுதினால் போதும்.

சங்க அகப்பாடல்களின் இலக்கணம் இதை எப்போதோ விதியாகவே வைத்துவிட்டது. நிலமும் பொழுதும் முதற்பொருள், அதாவது எல்லாவற்றுக்கும் அடிப்படை. குறிஞ்சிக்கு மலையும் நள்ளிரவும் கூடலும், முல்லைக்குக் காடும் கார்காலத்து மாலையும் காத்திருத்தலும், மருதத்துக்கு வயலும் வைகறையும் ஊடலும் என்று உணர்ச்சியை இடத்தோடும் நேரத்தோடும் சேர்த்தே வைத்தார்கள். அதே இலக்கணம் தலைவன் தலைவிக்குப் பெயர் சூட்டக்கூடாது என்றும் சொல்கிறது. ஆளுக்குப் பெயர் இல்லாமல் ஒரு காதல் பாட்டு நிற்கும், நிலமும் பொழுதும் அதற்குத் துணை இருந்தால். எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்கலாம்.

சில இடங்களைப் படித்தாலே ஆர்வம் குறைந்துவிடுகிறதே, ஏன்?

பாலியல் ஆய்வில் ஜான் பேன்க்ராஃப்ட், எரிக் ஜேன்சன் என்ற இருவர் முன்வைத்த ‘இரட்டைக் கட்டுப்பாடு’ என்ற கருத்து இங்கே உதவும். கிளர்ச்சியைத் தூண்டும் அமைப்பு ஒன்று, அடக்கும் அமைப்பு ஒன்று, இரண்டும் தனித்தனியாக வேலை செய்கின்றன, ஆளுக்கு ஆள் அவற்றின் வேகம் மாறும் என்பது அந்தக் கருத்து. வண்டியில் ஆக்சிலேட்டரும் பிரேக்கும் போல. நாம் பெரும்பாலும் ஆக்சிலேட்டரையே மிதித்துக்கொண்டிருக்கிறோம், இன்னும் சூடான சொல், இன்னும் துணிச்சலான செயல் என்று. வாசகரின் கால் பிரேக்கில் இருந்தால் எவ்வளவு மிதித்தும் வண்டி நகராது.

பிரேக் எதுவென்றால், யாரோ வந்துவிடுவார்களோ என்ற நிஜமான பயம், அருவருப்பு தரும் அழுக்கு, பாதுகாப்பு பற்றிய கவலை, அந்தப் பாத்திரத்துக்கு நாளை கெடுதல் வருமோ என்ற நெருடல். சில வாசகர்களுக்கு ‘யாரேனும் பார்த்துவிடலாம்’ என்பதே சுவை, சிலருக்கு அதுவே முழுத் தடை. எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாது, தேவையும் இல்லை. ஆனால் எந்த பிரேக்கை நீங்கள் வேண்டுமென்றே அழுத்துகிறீர்கள், எது தெரியாமல் அழுந்துகிறது என்று தெரிந்து எழுதுங்கள். ஆணுறை போட்டுக்கொள்வதைக் கதையில் சேர்த்தால் ஓட்டம் கெடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். கெடாது. நன்றாக எழுதினால் அது இருவரும் சேர்ந்து எடுத்த முடிவின் ஒரு பகுதியாகிவிடும், கவலைப்படும் வாசகரின் கால் பிரேக்கிலிருந்து எழும்.

பழைய காலம், வேற்றுக் கிரகம், மந்திர உலகம் எல்லாம் உதவுமா?

உதவும், அந்த உலகத்தின் சட்டங்கள் ஆசைக்குக் குறுக்கே நின்றால். வெறும் உடையலங்காரத்துக்காக என்றால் வேண்டாம். தொட்டால் மற்றவரின் நினைவுகள் தெரிந்துவிடும் ஓர் உலகத்தில் ஒரு தொடுகைக்கு என்ன அர்த்தம் என்று யோசித்தால் கதை பிறக்கிறது. அரண்மனை, வாள், கவசம் என்று மட்டும் நிறுத்தினால் அதே ஹோட்டல் அறைதான்.

சம்மதம் கேட்பதைக் காட்டினால் வேகம் குறையாதா?

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் கோபமாகவே பதில் சொல்வேன். சம்மதத்தைப் படிவத்தில் கையெழுத்து வாங்குவது மாதிரி எழுதுவதால்தான் அது வேகத்தடையாகத் தெரிகிறது. உண்மையில் ‘வேண்டுமா?’ என்ற கேள்வியைவிடப் பதற்றமான வசனம் இந்த வகைக் கதையில் வேறு இல்லை. கேட்பவர் தன் ஆசையை வெளியே வைத்துவிட்டார், மறுக்கப்படலாம். பதில் வரும்வரை எதுவும் நடக்கலாம். அந்த மார்க்கர் மூடியை இறுக்கிப் பிடித்து அப்புறம் விட்டாளே, அதுவும் ஒரு பதில்தான். அடுத்து அவன் ‘நாளைக்கு நீ வருத்தப்பட்டால்?’ என்று கேட்கிறான், அவள் ‘வருத்தப்பட்டால் அது என் வருத்தம்’ என்கிறாள் என்று எழுதினால் காட்சி நின்றுவிடுமா? இன்னும் இறுகும்.

அடக்கி ஆள்வது, அடங்கிப்போவது போன்ற கற்பனைகளை எழுதும்போது இது இன்னும் முக்கியம். எல்லை எது, நிறுத்தச் சொல்லும் சொல் எது என்று இருவரும் பேசிக்கொள்ளும் இடத்தைச் சுருக்காமல் எழுதுங்கள். ஒருவர் மற்றவரை நம்பித் தன்னை ஒப்படைப்பது அங்கேதான் தெரிகிறது. ‘வேண்டாம் என்றாள், பிறகு ரசித்தாள்’ என்ற பழைய தடத்தை விட்டுவிடுங்கள். அது வன்முறையை ஆசையாக வேஷம் கட்டுகிறது, அதோடு அந்தப் பெண்ணுக்கு மனசு என்று ஒன்றே இல்லாமல் செய்துவிடுகிறது, அதாவது பாத்திரத்தையே கொன்றுவிடுகிறது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் இந்தக் கதைகளில் எந்தக் காரணத்துக்காகவும், எந்தச் சாக்கிலும் வரக்கூடாது. இதில் பேச்சே இல்லை.

தடைசெய்யப்பட்ட உறவுகள் ஏன் இவ்வளவு ஈர்க்கின்றன?

தடை தயாராகக் கிடைத்துவிடுகிறது, அதனால். உழைத்துக் கட்ட வேண்டிய கதைக்கட்டைச் சமூகமே கட்டிக் கொடுத்துவிடுகிறது. சோம்பேறித்தனமும் அங்கேதான் நுழைகிறது. மேலதிகாரியும் கீழே வேலை பார்ப்பவரும் என்று வைத்துவிட்டு, பதவி வித்தியாசம் எதையும் மாற்றாதது போல எழுதினால் என்ன பயன்? அவளால் நிஜமாகவே மறுக்க முடியுமா, மறுத்தால் வேலை இருக்குமா என்று அந்தக் கேள்வியை நேராகப் பார்க்கும் கதை கனமாகிறது. பார்க்க மறுக்கும் கதையில் விஷயம் தெரிந்த வாசகர் நெளிய ஆரம்பித்துவிடுவார். மீறுவதற்கு ஒரு விலை இருக்கிறது, அதை யார் கொடுக்கிறார்கள் என்று எழுதுங்கள்.

எந்தச் சொற்களைப் பயன்படுத்துவது? ஒரு பக்கம் கொச்சை, மறுபக்கம் மருத்துவப் பாடம் மாதிரி இருக்கிறது.

அந்தப் பாத்திரம் தன் மனசுக்குள் எந்தச் சொல்லைச் சொல்லிக்கொள்வாரோ அது. கூச்ச சுபாவம் உள்ளவர் சொல்லாமல் சுற்றி வருவார், துடுக்கானவர் போட்டு உடைப்பார். கொச்சைச் சொல்லுக்கும் இடம் உண்டு, அதுவரை அப்படிப் பேசாத ஒருவர் முதல் முறை பேசும்போது அது வெடிக்கும். வரிக்கு வரி வந்தால் செத்துவிடும். உறுப்புகளின் பெயரைக் குறைத்துக்கொண்டு புலன்களை எழுதுங்கள்: வெப்பம், மூச்சின் வேகம், துணியின் உராய்வு, உள்ளங்கையின் சொரசொரப்பு.

தொடராக எழுதினால் பத்தாவது பாகத்துக்குப் பிறகு சப்பென்று ஆகிவிடுகிறதே?

ஒரே தூண்டுதல் திரும்பத் திரும்ப வந்தால் கிளர்ச்சி குறைவது மனித இயல்பு, ஆய்வுக்கூடங்களிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். எழுதுபவர் அதற்குக் கண்டுபிடிக்கும் வழி பெரும்பாலும் அளவைக் கூட்டுவது: இன்னும் ஒரு ஆள், இன்னும் விபரீதமான செயல். சீக்கிரமே கூரையில் முட்டிக்கொள்வார். அளவைக் கூட்டாதீர்கள், உறவை நகர்த்துங்கள். ஒவ்வொரு கூடலுக்குப் பிறகும் இருவருக்கும் நடுவில் ஏதாவது மாறியிருக்க வேண்டும்: யாரோ ஒருவருக்குப் பலம் கூடியிருக்கலாம், ஒரு ரகசியம் வெளியே வந்திருக்கலாம், ஒருவர் காதலிக்க ஆரம்பித்து மற்றவர் ஆரம்பிக்காமல் இருக்கலாம். மாறவில்லை என்றால் அந்தப் பாகம் தேவையில்லை. இரண்டாவது முறை முதல் முறையைவிடத் தயக்கமாக இருப்பது எவ்வளவு இயல்பு, அதை எழுதுபவர் எத்தனை குறைவு.

காட்சி முடிந்ததும் கதையை முடித்துவிடலாமா?

தயவுசெய்து இன்னும் ஒரு பக்கம் எழுதுங்கள். மூச்சு அடங்கிய பிறகு இருவரும் முதலில் பேசும் வார்த்தை என்ன? யார் முதலில் சட்டையைத் தேடுகிறார், யார் கண்ணைப் பார்க்கவில்லை? அந்த வீட்டில், இருட்டில், அவள் ‘உன் பெட்டிகளில் இன்னும் ஒன்றுகூட ஒட்டவில்லை’ என்று சொன்னால் சமாதானமா, விடைபெறலா? நடந்தது என்ன என்று அந்த இருவருக்கும் சேர்த்து முடிவு செய்வது இந்தப் பக்கம்தான். முந்தைய பக்கங்களை வாசகர் மனசுக்குள் மறுபடி படிப்பதும் இதனால்தான்.

ஆண்களுக்கு வேறு மாதிரி, பெண்களுக்கு வேறு மாதிரி எழுத வேண்டுமா?

‘ஆண்களுக்குச் செயல், பெண்களுக்கு உணர்ச்சி’ என்று பிரிப்பதை நான் ஏற்பதில்லை. உணர்ச்சிக்காக ஏங்கும் ஆண்களும், நேரடியான எழுத்தை விரும்பும் பெண்களும், இந்த இரண்டு பெட்டியிலும் அடங்காதவர்களும் படிக்கிறார்கள். பாத்திரங்கள் இருவரையும் ஆளாக நடத்துங்கள், இருவருக்கும் ஆசை கொடுங்கள். ஒருவர் ஆசைப்பட மற்றவர் வெறும் பொருளாகக் கிடக்கும் கதைதான் இரு தரப்பையும் விரட்டுகிறது.

எழுதி முடித்ததை எப்படிச் சரிபார்ப்பது?

நான் செய்வது மூன்று. முதலில், பாத்திரங்களின் பெயரையும் வேலையையும் மாற்றிவிட்டுக் காட்சியைப் படித்துப் பார்ப்பது. ஒரு சொல்கூடத் திருத்தத் தேவையில்லாமல் பொருந்தினால், அங்கே பாத்திரம் இல்லை. அடுத்து, இடத்தை மாற்றிப் பார்ப்பது. காலி வீட்டிலிருந்து தூக்கி ஹோட்டல் அறையில் வைத்தாலும் அப்படியே நடந்தால், களம் வேலை செய்யவில்லை. கடைசியாக, கூடல் வரும் பத்திகளை மட்டும் நீக்கிவிட்டு மிச்சத்தைப் படிப்பது. மிச்சத்தில் இருவர் நிலையும் ஆரம்பத்தில் இருந்தது போலவே இருந்தால், நீக்கிய பத்திகளால் கதையில் எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தம். அப்போது அந்தப் பத்திகளைத் திருத்திக்கொண்டிருக்காமல், இவர்களைத் தடுத்துக்கொண்டிருப்பது எது என்ற இடத்துக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து எழுத ஆரம்பியுங்கள்.